பூனையின் காதுக்குப் பின்னால்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறீர்கள். ஊசி போடுவதையும் தையல் போடுவதையும் நான் சொல்லித் தரப் போவதில்லை. அதையெல்லாம் கெம்பஸில் என்னைவிட நன்றாகவே படித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். ஒரு பூனையைக் காட்டி, "டொக்டர், இது என்ன ஜாதி?" என்று யாராவது கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இதைச் சொல்லவா இந்த மனுஷி இவ்வளவு தூரம் வந்தாள் என்று பின்வரிசையில் ஒரு பிள்ளை சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், பரவாயில்லை.

பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் மாடு, ஆடு, நாய் என்று பார்த்துப் பார்த்தே என் பாதி வயது போய்விட்டது. பூனைகள் பிறகுதான் வந்தன. முன்பெல்லாம் பூனைக்கு மருந்து வாங்கவென்று ஒருவரும் பஸ் ஏறி வரமாட்டார்கள். இப்போது கூடையோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே வந்ததும் நோயைச் சொல்வதில்லை, ஜாதியைத்தான் சொல்கிறார்கள். முடி நீளமாக இருந்தால் பெர்ஷியன். கண் நீலமாக இருந்தால் சயாமீஸ். உடம்பில் புள்ளி இருந்தால் பெங்கால். சாம்பல் நிறமென்றால் ரஷ்யாவிலிருந்தே நேராக வந்து இறங்கியது. எப்போதிருந்து வாந்தி எடுக்கிறது என்று கேட்டால்தான் வீட்டுக்குப் போன் எடுத்து விசாரிக்க வேண்டியிருக்கும்.

பண்டாரவளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்த ஒரு ஹாஜியார் இருந்தார். தன் பெர்ஷியனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். ஒரு மழைக்காலத்தில் அதன் முடி சடைபிடித்து, தோலெல்லாம் புண்ணாகி, முழுதாக மழிப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. மழித்து முடித்து வெளியே கொண்டுவந்து கொடுத்தேன். மனிதர் பின்னால் நகர்ந்துவிட்டார். நீண்ட மூக்கு, ஒல்லி உடம்பு, எந்த மீன்கடை வாசலிலும் காணக்கூடிய ஒரு பூனை. நான் பூனையை மாற்றிவிட்டேன் என்று சண்டைக்கு வந்தார். அதற்குள் பூனை அவர் தோளில் ஏறி, தாடியில் முகத்தைத் தேய்க்கத் தொடங்கியது. பிறகுதான் அடங்கினார். பெர்ஷியன் என்பது முடியில் இல்லை, தலை எலும்பில் இருக்கிறது என்று விளக்கினேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பூனை சாகும்வரை அவர் வீட்டில் பெர்ஷியனாகவே வாழ்ந்தது. அதனால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் நட்டம் வருகிற இடத்தில் விடக்கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு முதல், ஒரே ஒரு நாள் எனக்கு வழிகாட்டியாக இருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு பூனைக் கண்காட்சி நடந்தது. உதவிக்கு ஆள் போதாதென்று கூடப் படித்த தோழி ஒருத்தி என்னை இழுத்துக்கொண்டு போனாள். பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு, நமக்கெதற்கு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நடுவரான அந்தப் பெண்ணுக்குக் கூண்டிலிருந்து பூனைகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். எந்தப் பூனையின் முகத்தையும் அவர் முதலில் பார்க்கவில்லை. காதை மடக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வாலை வருடினார். முடியை ஊதிப் பிரித்து அடியில் என்ன நிறம் என்று பார்த்தார். கடைசியாகத்தான் முகம். ஏன் அப்படி என்று கேட்டேன். முகத்தைப் பார்த்தால் பிடித்துப்போகும், பிடித்துப்போனால் மற்றது கண்ணில் படாது என்றார். அவர் பெயர்கூட இப்போது நினைவில் இல்லை. ஆனால் தொழுதுவிட்டு துஆ கேட்கும்போது அந்த அம்மாவுக்கும் சேர்த்துக் கேட்பது எனக்குப் பழகிவிட்டது. ஏன் என்று இனித் தெரியும்.

நமுனுகுல மலைப்பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். தோட்டத்து மெனேஜரை இன்றைக்கும் அங்கே துரை என்றுதான் சொல்கிறார்கள், அவருடைய மனைவியைத் துரைசாணி என்று. துரைக்கு நன்றாகத் தமிழ் பேச வரும். துரைசாணி கொழும்பில் வளர்ந்தவர், தமிழில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள்தான் தெரியும். பிள்ளைகள் வெளிநாட்டில். அந்தப் பெரிய பங்களாவில் அவருக்குத் துணை என்று இருந்தது ஒரு ஜோடி சயாமீஸ் பூனைகள்தான். அந்தப் பூனைகள் சுத்தமான சயாமீஸ்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெண் பூனை ஒரு ஈத்துக் குட்டி போட்டது. அதில் ஒரு குட்டி, பால்குடி மறந்த கொஞ்ச நாளில் காணாமல் போனது. தேயிலைச் செடிக்குள்ளெல்லாம் ஆள் விட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. துரைசாணி சாப்பிடாமல் அழுதுகொண்டே இருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் துரை போன் எடுத்தார். குட்டி அகப்பட்டுவிட்டது, பங்களா குசினியில் சமையல் வேலை செய்கிற புஷ்பராணியின் லயத்துக் காம்பராவில், அதுதான் தோட்டத்து வரிசை வீட்டு அறையில், இருந்தது என்றார். அவள் களவெடுக்கவில்லை என்று சாதிக்கிறாளாம். முதல் நாள் காலையில் துரைசாணியே பெரட்டுக்குப் போய்விட்டாராம். பெரட்டு என்பது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் கூடுகிற இடம். அங்கே அத்தனை பேர் முன்னாலும் நின்று, புஷ்பராணி கள்ளி என்று கத்தியிருக்கிறார். நான் வந்து குட்டி சயாமீஸ்தான் என்று சொல்லிவிட்டால் போதும், பொலிஸில் கொடுத்துவிடலாம் என்றார் துரை.

நான் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பங்களா விறாந்தையில் மேசைமேல் ஒரு மரக்கறிக் கூடை, அதற்குள் குட்டி. துரைசாணி வீங்கிய கண்ணோடு கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புஷ்பராணி கீழே படிக்கட்டருகில் நனைந்துகொண்டு நின்றாள். நாற்பதைத் தாண்டியவள். மேலே ஏறி நில் என்று யாரும் சொல்லவில்லை.

கூடையைத் திறந்தேன். கறுத்த முகம், கறுத்த காது, வெளிர் உடம்பு, நல்ல நீலக் கண். ஆமாம் என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. துரை, "சயாமீஸா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்க டொக்டர், போதும்" என்றார். நான் பதில் சொல்லாமல், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். என்னைப் பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சயாமீஸ் என்றால் அது பங்களாப் பூனை, லயத்தில் எப்படி சயாமீஸ் பிறக்கும் என்றார். அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. அவர் கேட்டது பூனையின் ஜாதியை. நான் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் பொலிஸ் ஜீப்பில் ஏறப்போவது அந்தப் பெண்.

பிள்ளைகளே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனத்தைக் கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்பது தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள். குட்டியை வாங்கப் போகிறாரா, விற்கப் போகிறாரா, யாரையாவது மாட்டிவிடப் போகிறாரா? அதைப் பொறுத்து நீங்கள் பார்க்க வேண்டிய இடமும் மாறும்.

புஷ்பராணியை மேலே வரச்சொல்லி விசாரித்தேன். வந்தாள். குரல் நடுங்கவில்லை.

"எங்க வரிச்சி போட்ட குட்டிங்க இது. கண்ணு தெறக்கையில வெள்ளையா இருந்துச்சு, அப்புறந்தான் மூஞ்சி கறுத்துச்சு. நான் சொன்னா யாருங்க நம்புறா?"

வரிச்சி அவள் வீட்டுப் பூனை. துரை அதைச் சிங்களத்தில் சொன்னதும் துரைசாணி, எங்கள் குட்டிகளும் வெள்ளையாகப் பிறந்துதான் கறுத்தன, கதை கட்டுகிறாள் என்றார். அவர் சொன்னதும் சரிதான். சயாமீஸ் நிறமுள்ள குட்டி எதுவானாலும் அப்படித்தான். உடம்பில் குளிர் படுகிற ஓரங்களான காதும் மூக்கும் வாலும் பாதமும் பிறகு கறுக்கும். நமுனுகுல குளிரில் இன்னும் நன்றாகவே கறுக்கும். அதனால் புஷ்பராணி சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம்.

குட்டியைத் தூக்கினேன். என் விரல் கறுத்துவிட்டது. முகர்ந்து பார்த்தால் விறகுப் புகை. அந்த மலையில் லயத்துப் பூனைகள் வேறெங்கே படுக்கும்? அடுப்பு அணைந்ததும் சாம்பலுக்குள் புகுந்து சுருண்டுவிடும். முகமெல்லாம் கரி. ஒரு கோப்பையில் வெந்நீரும் துணியும் கேட்டேன். துரை பொறுமையிழந்து, இனிக் குளிப்பாட்டவும் வேண்டுமா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் துடைத்தேன். தண்ணீர் கறுத்தது, குட்டியின் முகம் தெளிந்தது. நெற்றியில் கோடுகள், கன்னத்தில் வரிகள், மீசை முளைக்கிற இடத்தில் புள்ளிகள், வாலில் வளையம் வளையமாகப் பட்டை. புஷ்பராணியின் பூனைக்கு வரிச்சி என்ற பெயர் ஏன் வந்தது என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் அவசரப்படக்கூடாது. எனக்கு அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் கண் கெட்டுவிடும். துரைசாணி, தன் குட்டிகளுக்கும் சின்னதில் வாலில் வளையம் இருந்தது, பிறகு மறைந்துவிட்டது என்றார். அதுவும் உண்மை. சுத்தமான சயாமீஸ் குட்டிக்கும் சின்ன வயதில் மங்கலாக வரி தெரிவதுண்டு. வரியை மட்டும் காட்டித் தீர்ப்புச் சொல்லியிருந்தால், நாளைக்கு வேறொரு டொக்டர் வந்து என்னைப் பொய்க்காரி ஆக்கியிருப்பார். அப்புறம் புஷ்பராணியைக் காப்பாற்ற ஒருவராலும் முடியாது.

அப்போதுதான் கண்காட்சி அம்மாவின் கை எனக்கு ஞாபகம் வந்தது. குட்டியின் காதை மடக்கினேன். பின்பக்கம் முழுதும் கறுப்பில்லை. நடுவில், யாரோ கட்டைவிரலை மாவில் தொட்டு வைத்ததுபோல, வெளிறிய ஒரு தடம். மற்றக் காதிலும் அப்படியே. வரிப் பூனையின் காதில் மட்டும்தான் அந்தத் தடம் இருக்கும், வளர்ந்தாலும் மறையாது. பங்களாவில் இருந்த மற்ற இரண்டு குட்டிகளையும் தாயையும் தகப்பனையும் கொண்டுவரச் சொன்னேன். எல்லாவற்றின் காதும் பின்னால் அடர்ந்த கறுப்பு. துரையையும் துரைசாணியையும் தங்கள் கையாலேயே மடக்கிப் பார்க்கவைத்தேன். நான் சொல்லி அவர்கள் நம்புவது வேறு, தாங்களே பார்ப்பது வேறு.

இனி வரிச்சியைப் பார்க்க வேண்டும் என்றேன். துரை ஆளை அனுப்பிப் பூனையை எடுத்துவரச் சொன்னார். வேண்டாம், நாமே போவோம் என்றேன். துரைசாணியும் வந்தார். அந்த லயத்துக்கு அவர் அதற்கு முன் வந்ததில்லையாம். ஒவ்வொரு காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்பிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். எங்களைப் பார்த்து, "வாங்க" என்றார்கள். புஷ்பராணியின் முகத்தைப் பார்த்து ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராக்காரி தன் வாசல் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். புஷ்பராணி அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

வரிச்சி அடுப்புச் சாம்பலில்தான் இருந்தது. முழு வரிப் பூனை. அதன் மடியில் இன்னொரு குட்டி, அதே வயது, அதுவும் வரி. இரண்டின் காதிலும் அதே வெள்ளைத் தடம். பிறகு இஸ்தோப்பில் நின்றே எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலும் சிங்களத்திலும் விளக்கினேன். வரி ஒளிந்திருக்காது. தாயிடமோ தகப்பனிடமோ வெளியே தெரிந்தால்தான் குட்டிக்கு வரும். பங்களாவில் தாய்க்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை. ஆகவே இந்தக் குட்டி பங்களாப் பூனை போட்டதாக இருக்கவே முடியாது. ஆனால் கறுத்த முகமும் நீலக் கண்ணும் ஒளிந்து ஒளிந்து வரும், இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெளியே தெரியும். எந்தத் துரை காலத்துப் பங்களாப் பூனையின் இரத்தமோ வரிச்சிக்குள் ஒளிந்திருந்திருக்கிறது. மற்றப் பாதி தகப்பனிடமிருந்து வந்திருக்கிறது.

துரைசாணி உடனே, எங்கள் கடுவன் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை என்றார். புஷ்பராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மத்தியானமானா அவரு நம்ம கூரையிலதாங்க இருப்பாரு" என்றாள்.

இஸ்தோப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துரைசாணி மட்டும் சிரிக்கவில்லை. இஸ்தோப்பு விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் என் குட்டி எங்கே என்று என்னிடம் கேட்டார். பருந்தோ கீரியோ என்னவோ, எனக்குத் தெரியாது என்றேன். கிடைத்துவிட்டது என்று நினைத்திருந்த குட்டியை அந்த அம்மா இரண்டாம் முறையும் இழந்தார். அதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

துரைக்கு நிம்மதி. சரி, பிரச்சினை முடிந்தது, நாளைக்குக் குசினிக்கு வந்துவிடு என்று புஷ்பராணியிடம் சொன்னார்.

"குசினி வேல வேணாங்க. நான் மலைக்கே கொழுந்தெடுக்கப் போறேன். ஆனா பெரட்டுல வச்சுத்தானே சொன்னாங்க? பெரட்டுலயே வந்து, இல்லைனு சொல்லட்டும்."

துரையின் முகம் மாறியது. பங்களா அம்மா பெரட்டில் நின்று சொன்னதைத் திருப்பி எடுப்பது அந்தத் தோட்டத்தில் நடந்த காரியமில்லை. கங்காணியைக் கொண்டு நாலு பேருக்குச் சொல்லிவிடலாம், நீங்கள் இவளுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று என் காதோரம் சொன்னார். துரைசாணிக்கு அவள் பேசியது விளங்கவில்லை. என்ன சொன்னாள் என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். கொஞ்சம் மெழுகிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கோபமாக இருக்கிறாள், ஆறிவிடும் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் சொன்னதை அப்படியே, ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். துரைசாணி எழுந்து பங்களாவுக்குப் போய்விட்டார்.

அன்று அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு எழும்புகிறேன், போன். துரைசாணி. நாளைக் காலை வர முடியுமா, பக்கத்தில் ஒருவர் நின்றால் நல்லது என்றார். சுபஹ் தொழுத கையோடு புறப்பட்டேன். மலை முழுதும் பனிமூட்டம், லைட்டைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினேன்.

பெரட்டில் ஆட்கள் கூடியிருந்தார்கள். புஷ்பராணி கொழுந்துக் கூடையோடு ஒரு ஓரத்தில் தனியாக நின்றாள். துரை வரவில்லை. துரைசாணி வந்தார். நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, தானே தமிழில் பேசினார்.

"அந்த நாள் நான் சொன்னது பொய். பூனை புஷ்பராணி பூனை. புஷ்பராணி கள்ளி இல்ல. நான் பிழை செஞ்சது. மன்னிக்க வேணும்."

புஷ்பராணி துரைசாணியைப் பார்த்து ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"அவங்க சொல்லிட்டாங்க. அவங்களுக்கு என்னையத் தெரியாது. நீங்க எல்லாம் என்கூடப் பொறந்து வளந்தவங்க. நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

முதல் நாள் கதவைச் சாத்திய பக்கத்துக் காம்பராக்காரி நடந்து வந்து, புஷ்பராணியின் முதுகில் திருகிக் கிடந்த கூடைக் கயிற்றை நேராக்கி விட்டாள். இரண்டு பேரும் அப்படியே கூட்டத்தோடு மலைக்கு ஏறினார்கள்.

நான் அன்றைக்குச் செய்தது ஒரு குட்டியின் காதை மடக்கிப் பார்த்தது மட்டும்தான். அதைக் கற்றுத் தந்த அம்மாவுக்கு நன்றி. தன் பேரைப் பேரம் பேசாமல் கேட்டு வாங்கிய புஷ்பராணிக்கு நன்றி. சொன்ன வாயாலேயே இல்லை என்று சொன்ன துரைசாணிக்கும் நன்றி. அப்படி ஒருவரை இத்தனை வருஷத்தில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. பிழை என்று தெரிந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் ஒரு கங்காணியைத்தான் அனுப்பினார்கள்.

கடைசி ஆளும் பனிமூட்டத்துக்குள் போகும்வரை துரைசாணி அங்கேயே நின்றார். முந்தின இரவு முழுதும் பங்களாக் காவல்காரரிடம் அந்தத் தமிழைச் சொல்லிச் சொல்லிப் பழகினாராம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "டொக்டர், எல்லாம் சரியாச் சொன்னேனா? ஒண்ணும் விடலையே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஒன்றும் விடவில்லை என்று தலையை ஆட்டினேன்.